வண்டியின் மேனி மெருகு

மோட்டார் வண்டியின் பளபளப்பு அதன் மேனியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், "வர்ணத்தில்" என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். வரலாற்றை நோக்கினால் இவ்விடை ஒரு காலத்துக்குப் பொருந்துவதாகவும், அதற்கு முன்னும் பின்னும் பொருந்தாததாகவும் இருப்பது விளங்கும். பளபளப்பின் இருப்பிடம் இருமுறை மாறியிருக்கிறது. அதற்கேற்ப வண்டியைக் கழுவித் துடைக்கும் முறையும் மாறியிருக்க வேண்டும். ஆயினும் கை, தான் கற்றதை எளிதில் மறப்பதில்லை. தந்தை துடைத்தவாறே மகனும் துடைக்கிறான். வண்டியோ தந்தையின் வண்டி அன்று. இதனால் விளையும் நட்டத்தை நானும் அனுபவித்தவனாகையால் இவ்வரலாற்றை நேயர்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

மோட்டார் வண்டிக்கு மேனியைக் கொடுத்தவன் குதிரை வண்டித் தச்சன். ஆதலால் முதல் மோட்டார்களுக்கு வர்ணம் பூசிய முறையும் சாரட்டு வண்டிகளுக்குப் பூசிய முறையே. மரத்தின் மேல் அடிப்பூச்சுகள் பல, அவற்றை நுரைக்கல் தூளும் நீரும் கொண்டு தேய்த்துச் சமன் செய்வர், அதன்மேல் நிறம், நிறத்தின்மேல் ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ் பல கைகள். எண்ணெய் வார்னிஷ் நீர் உலர்வதுபோல் உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல இறுகுவது. ஒவ்வொரு பூச்சுக்கும் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு வண்டி முடிய மூன்று நான்கு வாரங்கள் ஆவது சாதாரணம். தூசி படாமலிருக்க வார்னிஷ் பூசும் அறையைப் பூசையறை போலக் காத்தார்கள்.

இவ்வண்டிகளில் நிறம் கீழே, பளபளப்பு மேலே. மேலிருந்த அந்த வார்னிஷ் மிகவும் மென்மையானது. சேறு அதன்மேல் காய்ந்தால் கறை நிற்கும்; வெந்நீர் ஆகாது; குதிரை லாயத்துச் சாணத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு பட்டாலே மெருகு மங்கும். ஆகவே சாரட்டுக்காரர்கள் வண்டியைக் கழுவும் முறையை ஒரு சாத்திரமாகவே வகுத்திருந்தனர். முதலில் தண்ணீரைத் தாராளமாக வழியவிட்டுச் சேற்றை ஊறவைத்து இறக்க வேண்டும். பின்னரே கடற்பஞ்சு தொட வேண்டும். இறுதியில் பதப்படுத்திய மெல்லிய தோலால் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பது பெருங்குற்றம். இதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்; இறுதியில் இவ்விடத்துக்கே திரும்பி வரவிருக்கிறோம்.

1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் டி மாதிரி வண்டி வந்தது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. நிலக்கீல் கலந்த அக்கறுப்பு வார்னிஷ் விலை மலிவு, உழைப்பில் உறுதி. வண்டியின் மேனிமீது அதைக் குழாய் வழியே வழியவிட்டே பூசினர். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் ஆலைக்குத் தூரிகையும் பொறுமையும் கட்டுப்படியாகுமா? ஆயினும் வண்ண வண்டி வேண்டியவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை நீங்கவில்லை.

அந்நிலையை நீக்கியது ஒரு வெடிமருந்துக் கம்பெனி. முதல் உலகப் போரில் டூபாண்ட் நிறுவனம் புகையில்லா வெடிமருந்தைப் பேரளவில் செய்தது. அதற்கு மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ்; அதாவது நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சு. போர் முடிந்தபின் அப்பொருளுக்கு வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. சினிமா படச்சுருளும் அன்று அதே பொருளால் ஆனதுதான். நியூஜெர்சி மாநிலத்துப் பார்லின் நகரிலிருந்த அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில், 1920 ஜூலை மாத வெப்பத்தில் கிடந்த ஒரு கலவை எதிர்பாராத வகையில் நீர்த்துப் போயிருந்தது கண்டறியப்பட்டது. அதுவரை நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் பாகுபோல் கெட்டியாக இருந்தது; தெளிக்கும் அளவுக்கு அதை நீர்க்கச் செய்தால் சத்து குறைந்துவிடும். இப்புதிய கலவையோ சத்து மிகுந்தும் நீர்த்தும் இருந்தது. நிறப்பொடியையும் தாராளமாகத் தாங்கியது. குழல் துப்பாக்கியால் தெளித்தால் கரைப்பான் ஆவியாகிச் சில மணி நேரத்தில் உலர்ந்தது. இதற்கு டூகோ என்று பெயரிட்டனர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓக்லண்டு வண்டி, 1924-ஆம் ஆண்டு மாதிரியாக, இப்பூச்சுடன் நீல நிறத்தில் வெளிவந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின, நிறங்கள் பெருகின, ஃபோர்டும் 1926-இல் கறுப்பு விரதத்தைக் கைவிட நேர்ந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இந்த ஆசை மன்னிக்கத்தக்கது. இப்பூச்சு வகைக்கு ஆங்கிலத்தில் 'லாக்கர்' என்று பெயர். அச்சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக ஐரோப்பா சென்ற நம் நாட்டுச் சொல். வடமொழியில் லாக்ஷா, தமிழில் அரக்கு. பாண்டவர்களுக்காகக் கட்டப்பட்ட மாளிகையும் இதனால் ஆனதே. டூகோவில் அரக்கு ஒரு துளியும் இல்லை. பெயர் மட்டும் தொடர்கிறது. ஓக்லண்டு வண்டியின் ஆண்டாகிய அதே 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் இடத்தில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்பது தற்செயலான பொருத்தம். டூகோ என்ற வியாபாரப் பெயரும் பின்னர் நம் நாட்டில் பொதுச்சொல்லாகிவிட்டது. தில்லியின் கரோல்பாக்கிலாயினும் கோவையிலாயினும் பட்டறையில் "டூகோ அடிப்பது" என்றால் துப்பாக்கியால் தெளித்துப் பூசுவது என்றே பொருள். மர அலமாரிக்கும் அடிக்கிறார்கள்.

டூகோவுக்கு ஒரு குறை இருந்தது. உலர்ந்தபின் அது மங்கலாகவே நிற்கும், தேய்த்தால்தான் ஒளிரும். வெயிலில் சில மாதம் நின்றால் மேற்புறம் சுண்ணாம்பு படிந்தாற்போல் வெளுக்கும். மீண்டும் தேய்க்க வேண்டும். இங்கேதான் பளபளப்பு முதல்முறையாக இடம் மாறுகிறது. மேலே தனி வார்னிஷ் இல்லை; நிறமும் ஒளியும் ஒரே பூச்சில் கலந்தவை. செத்த மேற்புறத்தைத் தேய்த்தெடுத்தால் கீழே புதிய நிறமும் புதிய ஒளியும் கிடைக்கும். எனவே ரப்பிங் காம்பவுண்டு, பாலிஷ், மெழுகு என்று ஒரு புதிய வியாபாரமே கிளம்பிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியைத் தேய்ப்பது குடும்பத் தலைவரின் கடமையாயிற்று. பின்னர் வந்த எனாமல் பூச்சுகள் தேய்க்காமலே ஒளிர்ந்தாலும், அவையும் நிறமும் ஒளியும் ஒன்றாய்க் கலந்தவையாதலால் பழக்கம் தொடர்ந்தது.

அம்மெழுகின் கதையும் சுவையானது. உயர்ந்த மெழுகு, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வறண்ட நிலத்தில் வளரும் கார்னோபா என்னும் பனையிலிருந்து வருகிறது. வறட்சியில் நீர் ஆவியாகிவிடாமலிருக்க இம்மரம் தன் ஓலைமீது மெழுகைப் போர்த்திக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு பொடியாக உதிரும், உருக்கிக் கட்டியாக்குவர். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். இதுவோ 80 டிகிரியைக் கடந்த பின்னரே உருகும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது பொருத்தமானதில் வியப்பில்லை. அமெரிக்காவின் ரேசின் நகரத்து மெழுகு வணிகர் ஹெச். எஃப். ஜான்சன் 1935-இல் நீரிலும் இறங்கவல்ல ஒரு விமானத்தில் பிரேசிலுக்குப் பறந்து இப்பனையைத் தேடிச் சென்றார். ஓலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரந்தது, கடல் கடந்து வண்டியின் மேனியைக் காக்கப் போயிற்று.

நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசடர் வண்டியை நேயர்கள் அறிவர். நான் தலைநகரில் பணியேற்ற காலத்தில் எங்கள் அலுவலகத்தில் வெள்ளை அம்பாசடர் ஒன்று இருந்தது. அதன் ஓட்டுநர் பாலிஷ் போடும்போது துணியில் வெள்ளை ஏறும். "இது வண்டியின் பழைய தோல், உரிந்தால்தான் புதுத்தோல் வரும்" என்பார். ஒரு பூச்சு வண்டிக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த நூலும் தராது. பிற்காலத்தில் நான் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி வாங்கியபோது அவர் முறையையே கைக்கொண்டேன். மாதமொருமுறை காம்பவுண்டு வைத்துத் தேய்த்தேன். துணியில் சாம்பல் நிறம் ஏறவில்லை; வர்ணம் அவ்வளவு உறுதி என்று மகிழ்ந்தேன். ஐந்தாம் ஆண்டு கோடையில் முன்மூடியின் விளிம்பில் வெயிலில் வெந்த தோல்போல ஒரு மெல்லிய ஏடு உரிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அது உள்ளங்கை அளவாயிற்று.

நேர்ந்தது யாதெனில், பளபளப்பு இரண்டாம் முறையாக இடம் மாறிவிட்டது, நான்தான் அறியவில்லை. உலோகத் துகள் கலந்த நிறங்களைக் காக்க ஐரோப்பாவில் தொடங்கி, 1980-களில் உலகெங்கும் பரவிய முறை இது: நிறத்தைத் தனியே மெல்லியதாகப் பூசி, அதன்மேல் நிறமற்ற ஒரு தெளிபூச்சைப் போர்த்துவது. குதிரை வண்டித் தச்சனின் வார்னிஷ் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது எனலாம். இன்றைய வண்டியின் அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. அதில் தெளிபூச்சு 40 அல்லது 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் பருமனினும் பெரும்பாலும் குறைவு. புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் மருந்தும் அதனுள்ளேதான் கலந்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அது மெலியும். மெலிந்தால் வெயில் உள்ளே இறங்கும். கீழே புதுத்தோல் ஏதும் இல்லை. துணியில் நிறம் ஏறாதது உறுதியின் அடையாளமன்று. நான் நிறத்தைத் தொடவே இல்லை என்பதன் அடையாளம்.

ஆகையால் இன்றைய வண்டிக்குத் தேவையானது தேய்ப்பதன்று. தேய்க்க வேண்டிய அவசியம் நேராமல் காப்பது. தில்லியிலும் ராஜஸ்தானத்திலும் கோடைக் காற்றோடு வரும் தூசியில் படிகக்கல் துகள் கலந்திருக்கிறது. அது கண்ணாடியையே கீறும். காலையில் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால், வெயிலில் பார்க்கும்போது ஒளியைச் சுற்றிச் சிலந்தி வலை போலத் தெரியும் கீறல்கள் விழுகின்றன. சாரட்டுக்காரன் சொன்னபடி, முதலில் நீர், பிறகே துணி. நிழலில் நிறுத்தி, மேனி ஆறிய பின், மேலிருந்து கீழாகக் கழுவுக. சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச வேறொரு வாளி. பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகையும் கொண்டுபோய்விடும். வண்டிக்கென விற்கும் மென்மையான ஷாம்பு நன்று. உப்பு மிகுந்த நிலத்தடி நீர் தானே உலர விட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும். உடனே மெத்தென்ற துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பறவை எச்சத்தைச் சுரண்டலாகாது. ஈரத்துணியை அதன்மேல் இட்டு, ஊறியபின் எடுக்க வேண்டும். வெயிலில் விட்டால் தெளிபூச்சையே அரித்துத் தடம் பதிக்கும். மெழுகை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லப் பூசினால் போதும். செராமிக் பூச்சு என்று இப்போது பெருநகரங்களில் பல ஆயிரம் ரூபாய்க்குச் செய்கிறார்கள். அது நீரை ஒட்டவிடாது என்பது உண்மை. மணல் கீறாது என்பது விற்பவர் பேச்சு.

நீர் தாராளமாக என்று சாரட்டுக்காரன் சொன்னது மட்டும் நமக்கு இயலாது. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரால் வண்டி கழுவினால் 5000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை அங்குள்ள நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழாயைத் திறந்துவிடாமல், பூவாளியால் ஊறவைத்து இரண்டு வாளியில் முடிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் விடியற்காலையில் இருபது வண்டிகளைத் துடைக்கும் ஒருவர் இருக்கிறார். கையில் ஒரு வாளி, ஒரு துணி. நீர் ஊற்றியபின் துடைக்கலாகாதா என்று கேட்டேன். "இருபது வண்டிக்கும் ஊற்றினால் பத்தாவது வண்டிக்கு முன்பே எல்லோரும் அலுவலகம் போய்விடுவார்கள், பாபுஜி" என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. இப்போது அவர் என் வண்டியின் கண்ணாடிகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துச் செல்கிறார். சனிக்கிழமை மாலையில் இருவரும் சேர்ந்து கழுவுகிறோம். மாதக் கூலியை நான் குறைக்கவில்லை. முன்மூடியில் உரிந்த இடம் அப்படியே இருக்கிறது; அதற்கு மறுபூச்சுப் போடப் பட்டறையில் சொன்ன தொகையைக் கேட்டபின் அதன்மேல் கை வைப்பதையே விட்டுவிட்டேன்.