புதிய எருசலேம் ஆலயம், தரங்கம்பாடி

புதிய எருசலேம் ஆலயம் தரங்கம்பாடியில் உள்ள லுத்தரன் திருச்சபை ஆலயம். ஜெர்மானிய மறைப்பணியாளர் பார்த்தலோமேயு சீகன்பால்க், தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் மொழியில் வழிபடுவதற்காக இதைக் கட்டினார். 1718-ல் திறக்கப்பட்டது. இந்தியாவின் பழமையான புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் ஒன்று. சீகன்பால்கின் கல்லறை இதன் உள்ளேயே அமைந்துள்ளது.

அமைவிடம்

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே கடற்கரையில் உள்ள சிற்றூர். நகர வாயிலைக் கடந்து டேனிஷ் கோட்டையை நோக்கிச் செல்லும் ராஜ வீதியில் ஆலயம் உள்ளது. கோவை, திருப்பூர் பகுதியிலிருந்து செல்வோர் ரயிலில் மயிலாடுதுறை சென்று, அங்கிருந்து பேருந்தில் தரங்கம்பாடியை அடையலாம்.

பின்னணி

1620-ல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைப் பெற்று, டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். அவர்களின் நோக்கம் வணிகம். ஐரோப்பியர்களின் வழிபாட்டுக்காக 1701-ல் சீயோன் ஆலயம் எழுந்தது. ஊரில் இருந்த தமிழர்களுக்கு அங்கே இடமில்லை.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் தன் குடியேற்றத்தில் மறைப்பணி செய்ய ஆட்களைத் தேடினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் ஏ.எச். பிராங்கேயிடம் பயின்ற சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சாவும் அனுப்பப்பட்டனர். 1706 ஜூலை 9-ல் இருவரும் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது வயது 23.

சீகன்பால்க் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்று கூறப்படுகிறது. ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் படித்தார். டேனிஷ் நிர்வாகத்துக்கு அவர் மேல் நல்லெண்ணம் இருக்கவில்லை. கோட்டைத் தளபதி ஹாசியஸுடன் ஏற்பட்ட மோதலால் 1708-ன் இறுதியில் டான்ஸ்பர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் விடுதலையானார்.

முதல் எருசலேம் ஆலயம்

சிறைவாசத்துக்கு முன்பே, 1707 ஆகஸ்ட் 14-ல், கடற்கரையை ஒட்டி ஒரு சிறிய ஆலயம் திறக்கப்பட்டது. அதன் பெயர் எருசலேம். தமிழிலும் போர்ச்சுகீசிய மொழியிலும் அங்கே பிரசங்கம் நடந்தது. அக்காலத்தில் கடற்கரை ஊர்களில் ஐரோப்பியரும் உள்ளூர் மக்களும் பேசிக்கொள்ள உதவிய மொழி போர்ச்சுகீசியம்.

1715-ல் கடல் பொங்கியதில் இந்த ஆலயம் அழிந்தது. தரங்கம்பாடிக் கடல் தொடர்ந்து கரையை அரித்து வந்துள்ளது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியும் கடலுக்குள் சென்றுவிட்டது.

புதிய ஆலயம்

கடல் ஆலயத்தைக் கொண்டுபோனபோது சீகன்பால்க் ஐரோப்பாவில் இருந்தார். 1714-ல் சென்று மன்னரையும் ஆதரவாளர்களையும் சந்தித்து, 1716-ல் திரும்பினார். இம்முறை கடலிலிருந்து சற்று உள்ளே, ராஜ வீதியில் இடம் தேர்ந்தார். 1717 பிப்ரவரி 9-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1718 அக்டோபர் 11-ல் ஆலயம் திறக்கப்பட்டது. முந்தைய பெயரின் தொடர்ச்சியாகப் புதிய எருசலேம் எனப்பட்டது.

அதன் பின் சீகன்பால்க் ஐந்து மாதங்கள்கூட உயிருடன் இல்லை. 1719 பிப்ரவரி 23-ல், தன் 36-ஆம் வயதில் மறைந்தார். பலிபீடத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவரது தோழர் ஜோஹான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லர் அடுத்த ஆண்டு இறந்தபோது பலிபீடத்தின் மறுபக்கம் அடக்கம் செய்யப்பட்டார்.

கட்டிட அமைப்பு

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்ட ஆலயம் இது. தரைவடிவம் சிலுவை. பொதுவான சிலுவை வடிவ ஆலயங்களில் ஒரு கை நீண்டிருக்கும். இங்கே நான்கு கைகளும் ஏறத்தாழ சம நீளமுள்ளவை. உயர்ந்த கூர்கோபுரம் இல்லை. முகப்புச் சுவரின் மேற்பகுதி வளைவுகளாக எழுகிறது. அதில் மகுடத்துடன் நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்துச் சின்னமும் 1718 என்ற ஆண்டும் உள்ளன.

சமமான கைகள் கொண்ட அமைப்பில் ஒரு பயன் உண்டு. லுத்தரன் வழிபாட்டில் பிரசங்கம் முக்கியமானது. கூட்டம் நீண்ட மண்டபத்தின் கடைசிவரை பரவி நிற்காமல் நடுப்பகுதியைச் சுற்றி அமர்ந்தால், பேசுபவரின் குரல் எல்லாருக்கும் கேட்கும். அதே காலத்து ஜெர்மனியிலும் இந்த எண்ணம் இருந்தது. சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ், சாக்ஸனியில் டிரெஸ்டன் நகருக்கு வடகிழக்கே உள்ள சிற்றூர். டிரெஸ்டனை ஒட்டி அன்று கிராமமாக இருந்த லோஷ்விட்ஸில், கட்டிடக் கலைஞர் ஜார்ஜ் பேர் 1705 முதல் 1708 வரை எண்கோண வடிவில் ஒரு தேவாலயம் கட்டினார். அங்கும் மக்கள் பிரசங்க மேடையை நெருங்கி அமரலாம். அந்த ஆலயம் 1945-ல் குண்டுவீச்சில் அழிந்து, மீண்டும் கட்டப்பட்டு 1994-ல் திறக்கப்பட்டது. வடிவங்கள் வேறானாலும் இரண்டும் கேட்பதற்காகக் கட்டப்பட்ட ஆலயங்கள்.

ஆலயமும் தமிழ்ச் சமூகமும்

புதிய எருசலேம் ஆலயத்தில் கேட்ட மொழி தமிழ். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளுடன் தரங்கம்பாடி அச்சகம் 1713-ல் தமிழ் அச்சுப் பணியைத் தொடங்கியது. 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகிவிட்டது. அருகில் உள்ள பொறையாறில் காகித ஆலையும் நிறுவப்பட்டது. அந்த இடம் கடுதாசிப்பட்டறை என்ற பெயரால் நினைவுகூரப்படுகிறது.

1733 டிசம்பர் 28-ல் கடலூரைச் சேர்ந்த ஆரோன் தரங்கம்பாடியில் போதகராக அபிஷேகம் செய்யப்பட்டார். புராட்டஸ்டன்ட் திருச்சபையின் முதல் தமிழ்ப் போதகர் அவர். ஐரோப்பியர் வந்த 27 ஆண்டுகளில் பிரசங்க மேடை ஒரு தமிழருக்குக் கிடைத்தது.

ஆனால் எல்லாத் தமிழருக்கும் அது கிடைக்கவில்லை. தஞ்சை மன்னரின் படைவீரராக இருந்த ராஜநாயக்கன், தரங்கம்பாடி அச்சகத்தின் தமிழ் நூல்களைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்தவர். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக நீண்டகாலம் உழைத்தவர். அவரைப் போதகராக்கும் பேச்சு எழுந்தபோது, பறையர் சமூகத்தவர் என்பதால் வேளாளக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை பெற மாட்டார்கள் என்ற தடை வந்தது. மறைப்பணியாளர்கள் பின்வாங்கினர். 1741-ல் போதகராக்கப்பட்டவர் தியோகு என்ற வேளாளர். ராஜநாயக்கன் 1771-ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். ஆலயத்தின் உள்ளேயும் சாதிப் பிரிவினர் தனித்தனியாகவே அமர்ந்தனர். சிலுவையின் நான்கு கைகளையும் சமமாகக் கட்டியவர்களால் அங்கே அமர்ந்தவர்களைச் சமமாக அமர்த்த முடியவில்லை.

பிற்காலம்

1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். மறைப்பணி ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிடம் சென்றது. 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் தலைமையகம் திருச்சியில் இருந்தாலும், பேராயர் தரங்கை என்ற பெயரையே தன் பட்டத்தில் கொண்டிருக்கிறார்.

2004 ஆழிப்பேரலையில் ஆலயம் சேதமடைந்தது. சீரமைக்கப்பட்டு, சீகன்பால்க் வந்திறங்கிய 300-ஆம் ஆண்டான 2006-ல் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. ஞாயிறுதோறும் வழிபாடு நடைபெறுகிறது.

வரலாற்று இடம்

சீகன்பால்க் பெரும்பாலும் தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியாகவே நினைவுகூரப்படுகிறார். அந்த அச்சு நூல்கள் யாருக்காக அச்சிடப்பட்டன என்பதைக் காட்டும் கட்டிடம் புதிய எருசலேம் ஆலயம். தமிழில் படித்தவர்களும் கேட்டவர்களும் ஒரு கூரையின் கீழ் கூடிய இடம் அது. ஆரோன் அங்கே அடைந்ததையும் ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டதையும் சேர்த்தே அதன் வரலாற்றை எழுத வேண்டும்.