கழற்றி மாட்டும் அலகு

தீபாவளிக்கு முந்திய நாள்களில் எழுமலைத் தெருக்களில் நடந்தால், வீட்டுக்கு வீடு முறுக்குப் பிழியும் மணம் வரும். உழக்கின் அடியில் ஒரு வில்லையை இட்டால் தேன்குழல். அதை எடுத்துவிட்டு வேறொன்றை இட்டால் ஓமப்பொடி. உழவரின் கலப்பையும் இத்தகையதே. மரம் பல்லாண்டு உழைக்கும். தேய்வது கொழு மட்டுமே. தேயும் உறுப்பை மட்டும் பிரித்து மாற்றும் அறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஆயினும் அவ்வறிவு முகம் மழிக்கும் கத்தியை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றையே இன்று கூறப் புகுகின்றேன்.

மாணவர்களே, பழைய சவரக் கத்தி அடித்து உருவாக்கிய ஒரே எஃகுத் துண்டு. அதைச் சாணையிலும் தோல்வாரிலும் தீட்டித் தீட்டியே கூர் காக்கவேண்டும். கூர் போயிற்றென்று கத்தியை எறிய எவருக்கும் மனம் வராது. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் இம்முறையைத் தலைகீழாக்கினார். அவர் முன்பு வேலை பார்த்தது புட்டி மூடி செய்யும் கம்பெனியில். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளைக் கண்டுபிடி என்று அதன் தலைவர் வில்லியம் பெயின்டர் அவருக்குச் சொன்னாராம். கைப்பிடி நிலைத்திருக்க, மெல்லிய அலகு மட்டும் மாறவேண்டும் என்பது ஜில்லெட்டின் எண்ணம். எண்ணம் எளிது, செயல் அரிது. காகிதம் போன்ற எஃகுத் தகட்டைப் பதப்படுத்தினால் அது நெளிந்துவிடும். இச்சிக்கலைத் தீர்த்தவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். புகழ் ஜில்லெட்டுக்கே போயிற்று! 1903-இல் விற்றவை 51 கத்திகளும் 168 அலகுகளுமே. மறு ஆண்டில் 90,000-க்கு மேற்பட்ட கத்திகள் விற்றன.

அடுத்து மின்சாரம் வருகின்றது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஜேக்கப் ஷிக் முதலில் படைத் துப்பாக்கியைப் பார்த்து, கைப்பிடிக்குள் அலகுகளை அடுக்கி ஒவ்வொன்றாகத் தள்ளும் சவரக் கத்தியைச் செய்தார். பின்னர், தண்ணீரும் நுரையும் இன்றி மழிக்கும் மின் கருவியை 1931-இல் கடைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஹோரோவிட்ஸ் சுழலும் அலகுகளை அமைத்தார். அக்கருவி 1939-இல் வெளிவந்தது. ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் 1950-இல் நுண்துளைகள் இட்ட மெல்லிய தகட்டையும், அதனடியில் இப்படியும் அப்படியும் ஓடும் அலகுத் தொகுதியையும் வைத்தது.

இந்த வரிசையில் நம் கோவையைச் சேர்ந்த ஒருவரும் நிற்கின்றார். 1893-ஆம் ஆண்டு கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கும் ஆசையால் கோவையில் ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தவர். வாங்கிய வண்டியைக் கழற்றுவதும் பூட்டுவதுமே அவருக்குப் பள்ளிக்கூடம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர், பின்னர் ‘ரேசண்ட்’ என்னும் மின்சவரக் கருவியை உருவாக்கினார். சிறு மோட்டாரை உலர் மின்கலங்கள் இயக்கின. கம்பி வழி மின்சாரம் எட்டாத ஊர்கள் நிறைந்த நாட்டில் பிறந்தவருக்கு அவ்வாறு தோன்றியது இயல்பே என்பது என் எண்ணம். ஆனால் அக்கருவி உற்பத்தியானது ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில். 1937-இல் கோவையில் இந்தியாவின் தொடக்ககால மின்மோட்டார்கள் உருவானதில் நாயுடுவுக்குப் பங்கு உண்டு. இருந்தும், கைக்குள் அடங்கும் மோட்டாருக்கு வேண்டிய நுண்கம்பியையும் மெல்லெஃகையும் மலிவாகத் தரும் தொழில்கள் அன்று இங்கே வளரவில்லை. கண்டுபிடித்த மூளை ஓரிடம், செய்த கை ஓரிடம். 1974-இல் அவர் மறைந்தார்.

மின்கருவியில் அலகை மாட்டுவது, முறுக்கு வில்லையை இடுவது போன்றதன்று. வில்லை அசையாமல் கிடந்தால் போதும். இங்கோ மாட்டிய தலை அசையக்கூடாது. அதனுள் இருக்கும் அலகோ அசைந்தாகவேண்டும். மோட்டாரின் அச்சு முனை அலகின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தவேண்டும். ஈரக்கையால் கழற்ற வரவேண்டும். வேலை நடக்கும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது. தவறான பக்கமாக மாட்ட முயன்றால் நுழையாமல் மறுக்கவேண்டும். உங்கள் வீட்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முளைகளைக் காடியில் நுழைத்து, அழுத்தித் திருகினால், உள்ளிருக்கும் சுருள்வில் அதைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். விரலுக்கு எளிது, அதிர்ச்சிக்கு அசையாது. கழற்றி மாட்டும் தலைகளிலும் இத்தகைய காடியும் வில்லுமே பெரும்பாலும் வேலை செய்கின்றன. 1954-இல் சுவிட்சர்லாந்தில் டாக்டர் பிலிப் கை வூக் செய்த மின் பல்துலக்கியிலும் தூரிகையைத் தனியே கழற்றலாம். கைப்பிடி ஒன்று குடும்பத்துக்குப் பொது. தூரிகை ஒவ்வொருவருக்கும் வேறு.

கழற்றும் வசதி உயிரையும் காக்கும் என்பதை நம் ஊர் முடிதிருத்தும் நிலையங்கள் காட்டின. என் இளமையில் ஒரே கத்தி பலர் முகத்திலும் ஓடியது. இடையில் தோல்வாரில் நாலு இழுப்பு, முடிவில் படிகாரக் கட்டி. எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவிய பிறகு, ஒவ்வொருவருக்கும் புது பிளேடு என்பது வழக்கமாயிற்று. கடைக்காரர் பிளேடை நடுவே ஒடித்து, பாதியைக் கைப்பிடியில் செருகுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பாதி பிளேடு எந்தக் கம்பெனியின் கைப்பிடியிலும் நுழைகின்றது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜில்லெட்டின் முதற் காப்புரிமை 1921-இல் முடிந்தது. பிறகு பிளேடின் நடுத்துளை குறித்து ஆட்டோஸ்ட்ராப் நிறுவனத்தோடு எழுந்த வழக்கு, 1930-இல் இரு நிறுவனங்களும் இணைந்ததோடு ஓய்ந்தது. அதன்பின் வந்த துளை வடிவமே உலகெங்கும் பொதுவாயிற்று. மின்கருவிகளுக்கு அந்தப் பேறு இன்னும் கிட்டவில்லை. ஒருவர் செய்த தலை மற்றொருவர் கருவியில் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் பழைய தலைகூடப் புதியதில் பொருந்துவதில்லை. காடியை அரை மில்லிமீட்டர் மாற்றிவிட்டால், வாங்கியவர் வேறு கடைக்குப் போக வழியில்லை. ஜில்லெட் கற்பித்த வாணிகத்தை இவர்கள் அவரினும் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்!

என் மேசை இழுப்பறையில் தாடி ஒதுக்கும் கருவி ஒன்று இருக்கின்றது. வாங்கி நான்கு ஆண்டே ஆயிற்று. அலகு மழுங்கியதும் புதுத் தலைக்காக உசிலம்பட்டியிலும் மதுரையிலும் கடை கடையாகத் தேடினேன். அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்றார்கள். மின்னேற்றிப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் இன்றும் ஓடுகின்றது.