ஆரைக்கீரையும் ஊட்டிக் கண்ணாடி வீடும்



இன்று ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். சிதம்பரம் பக்கத்துக் கிராமப் பள்ளியில் நான் இருந்தபோது, எட்டாம் வகுப்பில் பூவாத் தாவரங்கள் பாடம். "பெரணிக்கு விதை கிடையாது, ஸ்போர்களால் பெருகும். குளிர்ந்த மலையில்தான் இருக்கும், நம்ம ஊரில் இல்லை" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி வாய்க்காலில் பறித்த ஆரைக்கீரையை ஈரத்தோடு கொண்டுவந்தாள். "டீச்சர், இதுல நான் பூவே பார்த்ததில்ல. இதுவும் பெரணியா?"

"கீரை எப்படிம்மா பெரணியாகும்? உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது.

எனக்குத் தெரிந்த பெரணியெல்லாம் கல்விச் சுற்றுலாவில் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவின் பெரணி இல்லத்தில் பார்த்தவைதான். அப்படிக் கண்ணாடிக்குள் பெரணி வளர்க்கும் ஆசை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1829 வாக்கில் லண்டனில் நத்தானியல் வார்டு என்ற மருத்துவர் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவருக்கு முளைத்தது பெரணி! புகை மண்டிய அந்த நகரத்தில் வெளியே வாடிய செடி உள்ளே செழித்தது. பிறகு வீட்டுக்கு வீடு கண்ணாடிப் பெட்டிதான். 1855-இல் இந்தப் பித்துக்குத் தனிப்பெயரே வைத்தார்கள். நம் பக்கம், சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் 1863-64-இல் தென்னிந்தியப் பெரணிகளுக்கென்றே ஒரு படநூல் வெளியிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு பேத்தியின் கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டினேன். மார்சீலியா, நீரில் வளரும் பெரணி என்று இருந்தது. படத்தில் நாலு இலை. நம் ஆரைக்கீரை! அம்மா பருப்போடு கடைந்து போட்ட அதே கீரை.

அதன் தளிரைப் பாருங்கள், மற்றப் பெரணிகளைப் போலவே சுருண்டிருக்கும். ஸ்போர்கள் மட்டும் இலைக்கு அடியில் இல்லை; காம்பின் அடியில் பயறு போன்ற கெட்டியான காய்க்குள் இருக்கும். வயல் காய்ந்தாலும் அது சாகாது. பல பத்தாண்டுகள் கழித்தும் நீர் பட்டால் முளைக்கும்.

(புளியாரையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்கு மூன்று இலை, மஞ்சள் பூ.)

இதன் உறவுக்காரி ஒருத்தி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள், பெயர் நார்டூ. 1861-இல் அந்தக் கண்டத்தைக் கடந்து திரும்பிய பர்க், வில்ஸ் இருவரும் உணவின்றி ஓர் ஓடைக்கரையில் சிக்கி, நார்டூ காயை இடித்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடம்பு கரைந்தது, இருவரும் இறந்தார்கள். காயிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினைச் சிதைத்திருக்கலாம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அங்குள்ள பூர்வகுடி மக்களோ அதே காயைப் பக்குவம் தெரிந்து உண்டவர்கள். அவர்களிடம் போய்ச் சேர்ந்த கிங் என்பவர் மட்டும் பிழைத்தார். நாம் தின்பது காயை அல்ல, இலையை, அதையும் வேகவைத்துத்தான்.

சென்ற மாதம் அந்தப் பழைய வாய்க்காலுக்குப் போனேன். கரையைச் சிமெண்டால் பூசியிருக்கிறார்கள். வயலில் களைக்கொல்லி அடித்த மஞ்சள். கொஞ்ச நேரம் தேடி, மதகு ஓரத்தில் ஒரு கைப்பிடி ஆரை கண்டேன். பறிக்கவில்லை.

அந்த மாணவியின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் அவளுக்கே தெரியும். அம்மா, அன்று நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், பெரணிதான்.