தங்குதலும் குடியிருத்தலும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்வோர் மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம் ஆகிய ஊர்களைக் கடந்து செல்கின்றனர். மண்டபமும் மடமும் சேது யாத்திரிகர் இரவு தங்கி, விடிந்ததும் புறப்படும் இடங்களைக் குறித்த சொற்கள். இன்றோ அவை தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழும் ஊர்களின் பெயர்கள். பரமக்குடிச் சாலையிலுள்ள சத்திரக்குடி என்னும் பெயரில் இவ்விரு நிலைகளும் ஒருங்கே நிற்கின்றன. சத்திரம் தங்குவோர்க்குரியது, குடி வாழ்வோர்க்குரியது. குடி என்னும் சொல் வீட்டையும் குடும்பத்தையும் குலத்தையும் ஆட்சிக்குட்பட்ட மக்களையும் ஒருசேரக் குறிக்கும். குடிமகன், குடியுரிமை என்பன அதனின்று கிளைத்தவையே.

அரபு மொழியிலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். ‘நஸல’ என்றால் இறங்கினான் என்பது பொருள். பயணி இறங்கித் தங்குமிடம் ‘மன்ஸில்’. அச்சொல்லையே நம்மவர் தம் இல்லங்களின் முகப்பில் பெயராகப் பொறித்துள்ளனர். இரவைக் கழித்தலைக் குறிக்கும் வேரினின்று ‘பைத்’ என்னும் வீடு பிறந்தது. ‘ஸகன’ என்பதோ அசைவு நீங்கி அமைதியுற்றான் என்றும், குடியிருந்தான் என்றும் பொருள்படும். ‘மஸ்கன்’ என்னும் வாழ்விடம் அதன் வழி வந்தது. அமைதியில்லாத இடத்தில் ஒருவன் காலம் கழிக்கலாம்; குடியிருத்தல் அரிது.

சட்ட அறிஞர்களான நம் இமாம்கள் இதை இன்னும் நுட்பமாக வகுத்தனர். வழிச்செல்வோன் முஸாபிர். சில நாள் தங்க உறுதி கொண்டவன் முகீம். கோடையிலும் குளிரிலும் தேவையின்றி ஊரை விட்டு நீங்காதவன் முஸ்தவ்தின். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் கொண்டால் முஸாபிர் முகீமாகிறான் என்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனபீ மத்ஹபில் அது பதினைந்து நாள். ஷாபிஈ மத்ஹபின்படி ஜும்ஆவுக்குரிய நாற்பது பேர் முஸ்தவ்தின்களாக இருத்தல் வேண்டும். முகீம் தொழுகைக்கு வந்தாக வேண்டும். ஆயினும் அந்த நாற்பதில் அவன் எண்ணப்படான். ஊரில் இருத்தல் வேறு, ஊராருள் ஒருவனாக எண்ணப்படுதல் வேறு என்பது இதனால் விளங்கும்.

இவ்வேறுபாட்டின் கனத்தை மண்டபம் அறியும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு மருத்துவச் சோதனைக்கு உட்பட்டனர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு திரும்பியவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வந்தது. அவருட் பலர் அத்தாயகத்தை முன்பு கண்டிலர். 1983 ஜூலைக் கலவரத்தின்பின் கடல் கடந்து வந்தோர் ‘அகதிகள்’ எனப்பட்டனர். ஊர் தன் பெயரின் பழம்பொருளுக்கே மீண்டது போலாயிற்று.

தேவையொன்று முடியட்டும் எனக் காத்து, ‘இன்று போவேன், நாளை போவேன்’ என்று ஒருவன் ஆண்டுகள் பல கழிப்பினும் முஸாபிரே என்பர் ஹனபீ அறிஞர். முகாமில் முதலில் வந்திறங்கியோர் நிலையும் அத்தகையதே. ஆயின் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, வேறு மண்ணை மிதித்தறியாத மக்களை எந்தச் சொல்லால் அழைப்பது? ஃபிக்ஹு நிய்யத்தைக் கேட்கிறது. குடியுரிமைச் சட்டமோ பெற்றோரைக் கேட்கிறது. 1987 ஜூலை முதல் நாள் தொட்டு இந்நாட்டில் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியாயிருத்தல் வேண்டும் என்றாயிற்று. பின்னர் 2004இல் அவ்விதி மேலும் இறுகியது.

2021இல் தமிழக அரசு இம்முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. அகதி என்னும் சொல் அகன்றது நன்றே. எனினும் முகாம் என்னும் சொல் எஞ்சி நிற்கிறது. மடமும் சத்திரமும் ஊராகிய இக்கரையில், முகாமும் ஒருநாள் குடியாக வேண்டும் என்று வேண்டுவதில் தவறில்லை. நாமும் ஒரு காலத்தில் கடல் வழி வந்தோரையும் அவர்தம் மரபையும் நம் முன்னோருள் உடையவர்கள்; இறங்கியோரை இக்கரை குடிகளாக ஏற்றதன் பயனைத் துய்ப்பவர்கள்.