ஐம்பத்து மூன்று மணி

ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரானைச் சேவிக்க வரும் அடியாரின் கழுத்தில் துளசிமணி மாலை. அதே ஊரில் பிறந்த குமரகுருபரரின் சைவ மரபுக்கு உருத்திராட்சம். ஆற்றோடு கிழக்கே இறங்கி, கழிமுகத்துக்குத் தெற்கே காயல்பட்டினம் போனால் தொழுகை முடித்து அமர்ந்திருக்கும் பெரியவரின் விரல்களில் தஸ்பீஹ் மணி. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில், அந்தி விளக்கு ஏற்றிய பிறகு, பரதவர் வீடுகளில் செபமாலை. ஓர் ஆற்றின் நீரைக் குடிக்கும் நான்கு மரபினர் தத்தம் கணக்கில் மணி உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றுள் கடைசி மாலையின் கதையை மட்டும் இங்கே பார்ப்போம்.

தமிழ்க் கத்தோலிக்கர் அதற்கு வைத்திருக்கும் பெயரே நம்மை முதலில் நிறுத்துகிறது: 'ஐம்பத்து மூன்று மணிச் செபம்'. தொடக்கத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்று புண்ணியங்களுக்காக மூன்று மங்கள வார்த்தைகள்; பிறகு பத்துப் பத்தாக ஐந்து முறை. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் கர்த்தர் கற்பித்த செபம் ஒன்று. முழு மாலையையும் சொல்பவருக்கு அது நூற்று ஐம்பத்து மூன்று மணி. உயிர்த்த இயேசுவின் சொற்படி வலை வீசிய சீடர்களுக்கு நூற்று ஐம்பத்து மூன்று பெரிய மீன்கள் கிடைத்ததாக யோவான் நற்செய்தி சொல்கிறது. இரண்டு எண்களும் ஒன்றாயிருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் வலையும் மணியும் ஒரே கையில் புழங்கும் கடற்கரையில் இப்பொருத்தம் கவனிக்கத் தக்கது.

நூற்றைம்பது என்ற எண் வந்த வழி வேறு. இடைக்கால ஐரோப்பிய மடங்களில் எழுத்தறிந்த துறவியர் நூற்றைம்பது சங்கீதங்களையும் முறைவைத்து ஓதினர். எழுத்தறியாத சகோதரர்கள் ஒவ்வொரு சங்கீதத்துக்கும் ஈடாகக் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னார்கள். பின்னாளில் மங்கள வார்த்தையும் அவ்வாறே நூற்றைம்பது முறை சொல்லப்பட்டது. எண்ணிக்கை தவறாதிருக்க முடிச்சிட்ட கயிறு, கோத்த மணி. ஆக, செபமாலை ஏடு படிக்க இயலாதவரின் சங்கீத ஏடு. புனித தோமினிக்குக்கு மாதா அதை நேரே அளித்தார் என்ற மரபுக்கதை பதினைந்தாம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதுகிறார். இருமொழி அறிந்தோர் துணையால் செபங்களைத் தமிழாக்கி, மனனம் செய்து, மணியடித்துத் தெருத்தெருவாகச் சிறுவரைக் கூட்டினார். அவர் நடத்திய வழிபாட்டின் அமைப்பு நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. விசுவாசப் பிரமாணத்தின் பன்னிரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கர்த்தர் கற்பித்த செபம், ஒரு மங்கள வார்த்தை. அடுத்துப் பத்துக் கட்டளைகள், அவற்றுக்கும் அவ்வாறே. இது இன்று நாம் அறிந்த செபமாலை அன்று. ஆனால் எண்ணிச் சொல்லுதல், சொன்னதையே திரும்பச் சொல்லுதல், ஊடே ஒரு பொருளைச் சிந்தித்தல் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

அப்போது உரோமையிலும் வடிவம் முடிந்த முடிவாகவில்லை. மங்கள வார்த்தையின் பிற்பாதி இன்றுள்ளபடி 1568-இல்தான் உரோமைக் கட்டளைச் செபநூலில் இடம்பெற்றது. செபமாலை முறையைப் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் 1569-இல் உறுதி செய்தார். 1571 அக்டோபர் 7-ஆம் நாள் லெப்பாந்தோ கடற்போரில் கிடைத்த வெற்றியின் நினைவாகச் செபமாலைத் திருநாள் ஏற்பட்டது. அதன் பிறகும் கணக்குகள் பலவாகவே இருந்தன. வியாகுல மாதா செபமாலைக்கு ஏழு ஏழாக ஏழு வியாகுலங்கள். பிரான்சிஸ்கு சபையாரின் மாலைக்கு எழுபத்திரண்டு மங்கள வார்த்தைகள். பிரிஜித்தம்மாள் பெயரிலான மாலைக்கு அறுபத்து மூன்று. இருபதாம் நூற்றாண்டில் போலந்திலிருந்து இறை இரக்கச் செபமாலையும் வந்து சேர்ந்தது.

வடிவம் எதுவாயினும் அந்த மாலை என்ன செய்தது என்பதை அறிய 1658-க்குப் போக வேண்டும். அவ்வாண்டில் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசை இல்லை. 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் கூலியாள் கோலத்தில் தூத்துக்குடியில் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரனாக வீடு வீடாகத் திரிந்தார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டார். அதைக் கண்டு எவர் கண் ஒரு கணம் கூடுதலாக நின்றதோ, அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. 2015 சனவரி 14-இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. குருவும் கோயிலும் இல்லாத முப்பது ஆண்டுகளில் அம்மக்களிடம் எஞ்சியிருந்தவற்றுள் ஒன்று அந்த மணிக்கணக்கு என்பதை அவர் எப்படியோ அறிந்திருந்தார்.

இன்று இழப்பு வேறு வகையில் வருகிறது. மங்கள வார்த்தைக்குப் பழைய பெயர் 'பிரியதத்த மந்திரம்'. பிரியதத்தம் என்றால் பிரியத்தோடு தத்தம் செய்யப்பட்டது, அன்பின் கொடை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய செபநூல்களில் அவ்விடத்தில் 'அருள்' அமர்ந்தது. தேவ இரகசியங்கள் மறைபொருள்கள் ஆயின. 2002-இல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தபோது பதினைந்து இருபதாயிற்று. நூற்றைம்பது சங்கீதங்களோடு இருந்த பழைய பொருத்தமும் நெகிழ்ந்தது. புதிய சொற்கள் எளியவை, நல்ல தமிழ். ஆயினும் பிரியதத்தம் என்ற சொல் பழைய நாவுகளோடு போய்விடுமே என்ற வருத்தம், மொழியை நேசிக்கும் நமக்கு, எந்தச் சமயத்தாராயினும் இருக்கத்தான் வேண்டும். நூல்களில் அச்சேறிய சொல்லைத் தேடி எடுத்துவிடலாம். பாட்டிமார் அதை இழுத்துச் சொன்ன இராகத்தை எந்த நூலில் தேடுவது?

1578-இல் கொல்லத்தில் அண்டிரீக் அடிகள் தமிழ் எழுத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்தக் கடற்கரை மக்களுக்கானதே. அதற்கும் முன்னரே அவர்கள் எண்ணிச் செபிக்கப் பழகியிருந்தார்கள். தமிழ் அச்சின் வரலாற்றை நாம் புத்தகத்திலிருந்து தொடங்குகிறோம். அப்புத்தகத்தைப் படிக்க முடியாதவர்கள் விரலால் படித்த ஏட்டுக்கும் அவ்வரலாற்றின் ஓரத்தில் ஓரிடம் தர வேண்டும்.