இரண்டு ரூபாயின் சம்மதம்: 'மந்தன்' திரைப்படமும் கூட்டுநிதியின் வரலாறும்

ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) திரைப்படத்தைக் கூட்டுநிதியால் உருவான படங்களின் வரிசையில் வைக்கலாகாது என்னும் அபிப்பிராயம் அண்மைக்கால ஆய்வுகளில் வேரூன்றி வருகிறது. பணத்தைக் கொடுத்தவர் விவசாயி அல்லர், அவரிடமிருந்து பிடித்தம் செய்த பால் கூட்டுறவு ஸ்தாபனமே என்பதும், தனிமனிதன் தானாக விரும்பி அளிக்காத தொகை கூட்டுநிதி ஆகாது என்பதும் அவ்வாதத்தின் சாரம். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் இவ்வாதம், சம்மதம் என்பதை மிகக் குறுகிய பொருளில் கொண்டுவிட்டது என்பதே என் கருத்து.

சர்ச்சைக்குரிய ஆதாரம் படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. குஜராத்தின் ஐந்து லட்சம் விவசாயிகள் இப்படத்தை வழங்குகிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் அறிவிக்கிறது. பால் கூட்டுறவின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு வரவேண்டிய பால் பணத்தில் இரண்டு ரூபாயை விட்டுக்கொடுத்தார்கள் என்றும், அந்த யோசனை அக்கூட்டுறவு இயக்கத்தை வழிநடத்திய வர்கீஸ் குரியனுடையது என்றும் பெனகல் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். ஐந்து லட்சத்தை இரண்டால் பெருக்கினால் பத்து லட்சம். படத்தின் செலவும் ஏறத்தாழ அவ்வளவே. கணக்கு இத்தனை ஒழுங்காக அமைவதே சந்தேகத்திற்கு இடமளிக்கிறது என்பார் கூற்றை நான் மறுக்கவில்லை. பெயர்ப்பட்டியல் ரசீதுப் புத்தகம் அன்று. ஐந்து லட்சம் என்பதை முழு எண்ணாக்கிச் சொன்ன உறுப்பினர் தொகையாகவே கொள்ளுதல் உசிதம். ஆயினும் தொகை முழு எண்ணாக்கப்பட்டது என்பதிலிருந்து சம்மதமே கற்பனை என்ற முடிவுக்குத் தாவுவது எவ்வகைத் தர்க்கம்?

இவ்விவசாயிகள் சேர்ந்திருந்த, ஆனந்த் முறை எனப்படும் பால் கூட்டுறவின் அமைப்பை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் கிராமச் சங்கத்தில் பாலை ஊற்றி, அதன் கொழுப்பின் அளவுக்கு ஏற்ப விலை பெறும் உறுப்பினர், எத்தனை எருமைகளை வைத்திருந்தாலும் ஒரே வாக்கினால் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார். கிராமச் சங்கங்கள் மாவட்ட ஒன்றியத்தையும், ஒன்றியங்கள் 1973-இல் நிறுவப்பட்ட குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பையும் தாங்கி நிற்கின்றன. இவ்வாறு தேர்தலால் கட்டுண்ட ஓர் அமைப்பின் வழியாகப் பிடித்த இரண்டு ரூபாயை, முதலாளி கூலியில் பிடிக்கும் இரண்டு ரூபாயோடு ஒன்றாக எண்ணுவது பிழை. ஒவ்வொரு கிராமத்திலும் எவ்வளவு விவாதம் நிகழ்ந்தது என்பதை அனுமானத்தால் நிரப்ப நான் முற்படவில்லை. சம்மதத்திற்குரிய பாதை திறந்திருந்தது என்ற அளவில் நிற்கிறேன்.

தனிமனித விருப்பமே அளவுகோல் என்பவர்கள் கொண்டாடும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் 'வெரோனிகா மார்ஸ்' படத்திற்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையக் கூட்டுநிதித் தளத்தின் வழியே 90,000-க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 57 லட்சம் டாலர் அளித்தார்கள்; அவர்கள் பெற்றவை சட்டையும் படப்பிரதியும் போன்ற வெகுமதிகளே, உரிமையோ வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடமே இருந்தது. விருப்பம் பூரணமாக இருந்தது. அதிகாரம் சிறிதும் இல்லை. அதே ஆண்டில் வெளிவந்த பவன் குமாரின் கன்னடப் படமான 'லூசியா', சுமார் 110 பேர் அளித்த ஏறத்தாழ 51 லட்சம் ரூபாயில் உருவாகி, அளித்தவர்களைத் தயாரிப்பாளர்களாக ஏற்றது. எனினும் படம் முடிந்தபின் அவர்களைச் சேர்த்துவைக்கும் நிலையான சங்கம் எதுவும் இல்லை. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், ஒடேஸா என்னும் திரைப்பட இயக்கத்தின் துணையோடு கேரளத்து ஊர்களில் சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டி, ஜனங்களிடம் சில்லறையாகத் திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' (1986) எடுத்தது இவற்றினும் மேலான முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1987-இல் அவர் மறைந்தபின் அம்முறையில் அடுத்த பெரும்படம் எழாமற்போனது, கொடை மட்டும் போதாது, கொடுத்தவர்களைக் கட்டிவைக்கும் அமைப்பும் வேண்டும் என்பதற்குச் சாட்சி.

'மந்தன்' கூட்டமைப்பின் பிரசாரப் படமே என்னும் ஆட்சேபத்துக்கு நெடிய பதில் தேவையில்லை. பிரசாரம் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் விஜய் டெண்டுல்கரின் திரைக்கதை, சங்கத் தேர்தலில் தோற்ற ஊர்த்தலைவரின் வன்மத்தையும், சாதியால் பிளவுண்ட உறுப்பினர்களையும், பணி முடியாமலே ஊரைவிட்டு அனுப்பப்படும் அதிகாரியையும் காட்டுகிறது. தன் பணத்தில் தன் குறைகளைக் காண இசைந்த ஸ்தாபனம் அது.

அமைப்பின் நிலைபேற்றுக்கு 2024 நல்ல பிரமாணம் தந்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இப்படத்தைப் புதுப்பித்தபோது, அப்பணிக்குத் துணைநின்றது அதே கூட்டமைப்புத்தான். சென்னை பிரசாத் கூடத்திலும் பொலோனியாவிலும் சீர்செய்யப்பட்ட பிரதி கான் விழாவில் திரையேறியது. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் தன் படத்தைப் பேணத் தயாராக இருந்த தயாரிப்பாளரை இணையக் கூட்டுநிதி இன்னும் நமக்குக் காட்டவில்லை; அதன் வயது அதற்கு இடமளிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

என் வாதத்திற்கு உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. எருமையைப் பேணிப் பால் கறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சங்க உறுப்புரிமையோ பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருந்தது. ஸ்மிதா பாட்டீல் நடித்த பிந்து என்னும் கிராமத்துப் பெண்ணைப் படத்தின் மையத்தில் நிறுத்திய அமைப்பு, அவளைப் போன்றவர்களை ஐந்து லட்சத்தில் எத்தனை பேராக எண்ணியது என்ற வினாவுக்குப் பெயர்ப்பட்டியல் விடை தராது. விடை தேடுவோர் கிராமச் சங்கங்களின் உறுப்பினர் பதிவேடுகளிலிருந்தே தொடங்க வேண்டும்.