டபாட்டா முதல் தொப்பை வரை: நிபந்தனை உதிர்ந்த உடற்பயிற்சிச் சொற்கள்

உடற்பயிற்சி பற்றிய தவறான நம்பிக்கைகளை அறியாமையின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். அந்தக் கணக்கு பாதிதான் சரி. ஜிம்களிலும் யூடியூப் காணொளிகளிலும் இன்று புழங்கும் சொற்களில் பல ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. யாருக்கு, எவ்வளவு தீவிரத்தில், எத்தனை வாரம் என்ற நிபந்தனைகள் அங்கே அவற்றுடன் இருந்தன. சொல் வெளியே வந்தபோது நிபந்தனை உதிர்ந்துவிட்டது. இன்றைய குழப்பத்தின் பெரும்பகுதி இந்த உதிர்வினால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டபாட்டாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய ஸ்பீட் ஸ்கேட்டிங் அணியின் பயிற்சியாளர் இரிசாவா கோயிச்சி தம் வீரர்களுக்கு அளித்துவந்த ஒரு முறையை இசுமி டபாட்டாவும் குழுவினரும் சோதித்து, 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சோதனையில் பங்கேற்றவர்கள் உடற்கல்வி பயின்ற இளைஞர்கள். நிலைச் சைக்கிளில் 20 வினாடி மிதிக்க வேண்டும், 10 வினாடி ஓய்வெடுக்க வேண்டும். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவை எட்டவைக்கும் உழைப்பு எவ்வளவோ, அதில் 170 சதவீதத்தில் சுமை வைக்கப்பட்டது. ஏழெட்டுச் சுற்றுக்குள் கால் ஓய்ந்துவிட வேண்டும். ஒன்பது சுற்றைத் தாண்டியும் ஒருவர் தாக்குப்பிடித்தால் சுமையை 11 வாட் கூட்டினார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் இது நடந்தது. முடிவில் அவர்களுடைய ஆக்சிஜன் உச்ச அளவு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 7 மில்லிலிட்டர் உயர்ந்தது; ஆக்சிஜன் துணையில்லாமல் ஆற்றல் தரும் திறன் 28 சதவீதம் கூடியது. ஒரு மணி நேரம் மிதமாக மிதித்த மற்றொரு குழுவுக்கு முதல் அளவு 5 மில்லிலிட்டர் உயர்ந்தது, இரண்டாவதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இவ்வளவிலும் இன்று எஞ்சியிருப்பது 20, 10 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. கைபேசியில் டைமரை வைத்துக்கொண்டு இருபது வினாடி ஸ்குவாட் செய்து, பத்து வினாடி ஓய்வில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிந்தால் அது டபாட்டா அன்று. அது நல்ல பயிற்சியாக இருக்கலாம். ஆனால் 1996ஆம் ஆண்டு முடிவுகளை அதற்குக் கடன் வாங்க முடியாது. ‘நாலே நிமிஷத்தில் கொழுப்பு கரையும்’ என்பதற்கோ அந்த ஆய்வில் இடமே இல்லை. ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி வேறு. இன்னொரு பக்கமும் உண்டு. இதயத்தின் நிலை தெரியாத நாற்பத்தைந்து வயதுக்காரரை முதல் நாளே உண்மையான டபாட்டாவில் இறக்கிவிடுவது பொறுப்பற்ற செயல்.

பயிற்சிக்குப் பிந்தைய வலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கதையில் நிபந்தனை உதிர்ந்தது இன்னும் முன்பே. 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும், உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளைத் தசை ஆக்சிஜன் இல்லாமல் சுருங்கும்போது லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். பிரித்தெடுத்த தசைக்கு ரத்த ஓட்டம் இல்லை. சேர்ந்தது அங்கேயே கிடக்கும். உயிருள்ள உடலில் அப்படி நடப்பதில்லை. உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவமான லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்பதை 1980களிலிருந்து ஜார்ஜ் புரூக்ஸின் ஆய்வுகள் நிலைநாட்டின; கல்லீரலும் அதைக் குளுக்கோஸாக மாற்றுகிறது. கடும் பயிற்சிக்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்த லாக்டேட் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாள் தொடங்கி மூன்றாம் நாள்வரை நீளும் வலிக்கு அது காரணமாக முடியாது. 1983இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறியது, பின்னாளில் சொல்லத்தக்க வலி இல்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது.

வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. மூச்சு வாங்குவது ஏறும்போது. மறுநாள் படியில் கால் வைக்கவிடாமல் தொடையைப் பிடிப்பது இறங்கியதன் விளைவு. இறங்கும்போது தொடைத் தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அந்த இழுப்பில் தசைநார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதே வேலையைச் சில நாள் கழித்து மீண்டும் செய்தால் வலி வெகுவாகக் குறையும். ஆகவே வலியைப் பயிற்சியின் அளவுகோலாகக் கொள்வது அடிப்படையிலேயே பிழை. ‘வலிச்சாத்தான் வேலை செய்யுது’ என்று மாணவரிடம் சொல்லும் பயிற்றுநர், காயத்தின் வலியையும் அவர் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறார்.

சிட்-அப் செய்தால் தொப்பை கரையும் என்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வயிற்றுத் தசை வேலை செய்யும்போது அதன் மேலுள்ள கொழுப்பைத்தான் எரிக்க வேண்டும் என்ற விதி உடலில் இல்லை. உடலெங்கும் உள்ள கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கொழுப்பு அமிலங்களைத் தசை எடுத்துக்கொள்கிறது. 1971இல் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்தபோது, ஆடும் கை பருத்திருந்தும் தோலடிக் கொழுப்பின் தடிமனில் வேறுபாடு இல்லை. 1984இல், 27 நாள் சிட்-அப் செய்தவர்களின் வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலும் கொழுப்புச் செல்கள் ஒரே மாதிரி சுருங்கியிருந்தன. அண்மையில் சில சிறு ஆய்வுகள் மாறான முடிவைச் சொன்னதுண்டு. அவற்றை நம்பி ஒருவரைத் தினமும் நூறு சிட்-அப் செய்யச் சொல்ல முடியாது.

டிரெட்மில்லுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் இதயத்துடிப்பு அட்டவணை மேலும் கவலைக்குரியது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்ற சூத்திரம் ஃபாக்ஸும் உடனாய்வாளர்களும் 1971இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. பல ஆய்வுகளின் தரவுகளைப் பார்த்துத் தோராயமாக வரைந்த கோடு அது. 2001இல் தனாகா குழுவினர் விரிந்த தரவுகளைக்கொண்டு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும் என்றார்கள். நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே வரும். அறுபதில் பழைய சூத்திரம் 160 என்கிறது, புதியது 166 என்கிறது. எந்தச் சூத்திரமானாலும் ஒரே வயதுள்ள இருவருக்கிடையே இருபது துடிப்பு வேறுபாடு இயல்பே. ரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு, அந்த மருந்தே துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், அட்டவணை பொருந்தவே பொருந்தாது. அட்டவணை காட்டும் எண்ணைத் தொடுவதற்காக அவர் தம்மை வருத்திக்கொள்வது ஆபத்து.

சொல் எப்படியிருந்தால் என்ன, மக்கள் பயிற்சிக்கு வந்தால் போதாதா என்று கேட்கப்படுகிறது. மதிக்கத்தக்க கேள்விதான். 1965இல் ஜப்பானிய நடையளவுக் கருவி ஒன்றின் விற்பனையோடு பரவிய, நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற இலக்கு உலகெங்கும் பலரை நடக்கவைத்திருக்கிறது. ஆனால் அதே இலக்கு, எட்ட முடியாதென்று எண்ணும் முதியவரை வீட்டிலேயே உட்காரவைக்கிறது. சராசரி வயது 72 கொண்ட பெண்களிடம் ஐ-மின் லீ குழுவினர் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டியது அந்த முதியவரிடம்.

தமிழில் பயிற்றுநர் கையேடுகளும் உடற்கல்விப் பாடநூல்களும் எழுதுவோர் இந்தச் சொற்களை விலக்க வேண்டியதில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சொல் வரும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள், அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடாதீர்கள்.